ஜூலை நான்கின் பந்தி

(அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கோடைக்கால ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க வந்து, முன்வரிசையில் அட்டையால் விசிறிக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குத் தனி வணக்கம். உங்களுக்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

கோடையில் இங்கே வரும் அப்பா அம்மாக்கள் ஜூலை நான்காம் தேதி காலையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுதந்திர தினம்னு சொன்னீங்க, கொடி ஏத்துறது எங்கே?" நமக்குச் சுதந்திர தினம் என்றால் ஆகஸ்ட் 15. தேய்த்துப் போட்ட சீருடை, சட்டையில் குண்டூசியால் குத்திய காகிதக் கொடி, தலைமையாசிரியரின் நீண்ட பேச்சு, வெயில் தாங்காமல் வரிசையில் ஒரு பையன் சரிவது, கடைசியில் உள்ளங்கையில் ஒட்டும் ஆரஞ்சு மிட்டாய். இங்கேயோ மகன் அரைக்கால் சட்டையோடு கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போகிறான், மருமகள் சோளம் உரிக்கிறாள், ராத்திரி ஊரே பட்டாசு வெடிக்கிறது. "தீபாவளிக்கும் கறி விருந்துக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

கொண்டாட்டம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று முதலில் எழுதிவைத்தவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஆனவர். 1776 ஜூலை 2ஆம் தேதி பிலடெல்பியாவில், பிரிட்டனிடமிருந்து பிரியும் விடுதலைத் தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் அவர் மனைவி அபிகெயிலுக்குக் கடிதம் எழுதுகிறார்: ஜூலை இரண்டை வருங்காலத் தலைமுறைகள் பெருவிழாவாகக் கொண்டாடும், அணிவகுப்பு, விளையாட்டு, பீரங்கி, மணியோசை, சொக்கப்பனை, விளக்கொளி எல்லாம் இந்தக் கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கும். தேதி மட்டும் தப்பியது. விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது ஜூலை 4இல். அச்சிட்ட தாளின் தலையில் அந்தத் தேதிதான் இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே பலித்தது. அடுத்த ஆண்டே, 1777 ஜூலை 4இல், பிலடெல்பியாவில் வாணவேடிக்கை நடந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் சாப்பாடு இல்லை, கவனித்தீர்களா? என்ன சமைக்கவேண்டும் என்று மனிதர் ஒரு வார்த்தை எழுதவில்லை. இந்த நாளுக்கு அது பெரிய அதிர்ஷ்டம் என்பது என் கட்சி. பொங்கலன்று பொங்கல் வைத்தே ஆகவேண்டும். நவம்பரில் வரும் நன்றி சொல்லும் நாளில் அமெரிக்கர்களுக்கு வான்கோழி இல்லாமல் தீராது. ஜூலை நான்குக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அதனால்தான் எங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாம் அவரவர் தட்டை இந்தப் பந்தியில் வைக்க முடிந்தது.

முதலில் வடகிழக்குக்குப் போவோம். மாசசூசெட்ஸ், மெய்ன் பக்கம் பழைய குடும்பங்களில் இந்த நாளுக்கு சால்மன் மீன்தான். கொதிநீரில் பதமாக வேகவைத்த மீன், மேலே அவித்த முட்டையை நறுக்கிப் போட்ட வெள்ளைச் சாறு, பக்கத்தில் பச்சைப் பட்டாணியும் தோல் மெலிந்த புது உருளைக்கிழங்கும். காரணம் தேசபக்தி இல்லை, பருவம். கோடைத் தொடக்கத்தில் சால்மன் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறி வரும். அதே வாரங்களில் தோட்டத்தில் பட்டாணி முற்றும். ஜூலை நான்குக்குள் பட்டாணி தட்டுக்கு வரவேண்டும் என்று கணக்குப் பண்ணி விதைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆற்றில் அணைகளும் ஆலைகளும் வந்தபின் அந்தப் பக்கத்து மீன் பெரும்பாலும் அற்றுப்போனது. இப்போது எங்கோ பண்ணையில் வளர்த்த மீனைக் கடையில் வாங்கிச் சமைக்கிறார்கள். வழக்கம் போகவில்லை.

தெற்கே போனால் கதை வேறு. கொஞ்ச நேரம் அங்கே நிற்கவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் மாநிலங்களில் ஜூலை நான்கு என்றால் ஊர் கூடும் பார்பெக்யூ. தரையில் நீளமாகக் குழி வெட்டுவார்கள். ஓக், ஹிக்கரி கட்டைகளை எரித்துத் தணலாக்கிக் குழியில் பரப்பி, குறுக்கே கம்புகளை அடுக்கி, முழுப் பன்றியையோ மாட்டையோ கிடத்துவார்கள். முந்தின இரவே அடுப்பு மூட்டியாகவேண்டும். விடிய விடிய ஒருவர் பக்கத்திலேயே இருந்து தணலைத் தள்ளிவிட்டு, வினிகரும் மிளகாயும் கலந்த நீரைத் துணியில் நனைத்துத் தடவிக்கொண்டே இருக்கவேண்டும். தணல் அதிகமானால் தோல் கருகும், குறைந்தால் உள்ளே வேகாது. மறுநாள் மதியம் கனவான்கள் மர நிழலில் உட்கார்ந்து, பதின்மூன்று மாநிலங்களுக்குப் பதின்மூன்று முறை கோப்பையை உயர்த்தி, விடுதலை விடுதலை என்று பேசுவார்கள். இரவு முழுக்கத் தணல் காத்தவர் பெரும்பாலும் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். அமெரிக்கா இன்று தன் தேசிய உணவு என்று பெருமைப்படும் அந்தக் கைப்பக்குவம் அவர்களுடையது.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃபிரடெரிக் டக்ளஸை 1852இல் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டர் நகரில் சுதந்திர தின உரைக்கு அழைத்தார்கள். அவர் நான்காம் தேதி பேசவில்லை, ஐந்தாம் தேதி மேடை ஏறினார். "இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். இந்த நாட்டில் நிகழ்ந்த சுதந்திர தின உரைகளில் அதற்கு இணை இல்லை என்பேன். மேடையில் பேசும் யாரும் அதைப் படித்துவிட்டுப் பேசுவது நல்லது, என்னையும் சேர்த்து.

1865 ஜூன் 19இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் அடிமைகள் விடுதலை பெற்ற அறிவிப்பு வெளியானது. அந்த ஜூன்டீன்த் நாள் 2021இல்தான் தேசிய விடுமுறை ஆனது. அதன் பந்தியிலும் பார்பெக்யூ உண்டு. கூடவே தர்பூசணி, சிவப்பு சோடா, சிவப்பு கேக். இரண்டு வார இடைவெளியில் இரண்டு விடுதலை நாட்கள். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஹாட் டாக் பற்றிச் சொல்லாவிட்டால் பின்வரிசைப் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தத் தொத்திறைச்சி ஜெர்மானியக் குடியேறிகளோடு வந்தது. அதை ஏழைக்கு எட்டும் பண்டமாக்கியவர்களில் ஒருவர் போலந்திலிருந்து வந்த யூதரான நேதன் ஹாண்ட்வெர்க்கர். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் பத்து சென்ட் விற்ற கடையில் வேலை பார்த்தவர், 1916இல் தனிக்கடை போட்டு ஐந்து சென்ட்டுக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் ஜூலை நான்கன்று அங்கே தின்னும் போட்டி நடக்கிறது. 2021இல் ஜோயி செஸ்ட்நட் பத்து நிமிடத்தில் 76 தின்றார். 1916லேயே போட்டி தொடங்கிவிட்டது என்று ஒரு கதை உலவியது, அது விளம்பரத்துக்காகக் கட்டிவிட்டது என்று சம்பந்தப்பட்டவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டைப் போட்டியாக்குவது எனக்கு ஒப்பாது. அதை விடுங்கள்.

ஊர்ப்பொதுவாக இருந்த விருந்து வீட்டுக் கொல்லைக்கு வந்த விதம்தான் சுவையானது. ஹென்றி ஃபோர்டின் கார்களில் அப்போது மரம் நிறைய இருந்தது. மிச்சிகனில் அவருடைய மர ஆலையில் குவிந்த துண்டுகளை வீணாக்காமல் 1920களில் கரிக்கட்டிகளாக்கி, கார் விற்கும் கடைகளிலேயே விற்றார்கள். இப்போது நாம் வாங்கும் கிங்ஸ்ஃபோர்டு கரி அதன் வாரிசுதான். 1952இல் சிகாகோவில் வெபர் சகோதரர்கள் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்பு உருண்டையைப் பாதியாக வெட்டி, மூன்று கால் வைத்து, மறுபாதியை மூடியாக்கினார். நம் வீட்டுப் பின்னால் நிற்கும் குண்டு அடுப்பு அதுதான். போருக்குப் பின் புறநகரில் வீடும் புல்தரையும் கிடைத்த குடும்பங்கள் ஆளுக்கொன்று வாங்கின. அன்றைக்கு ஒருநாள் அப்பாக்கள் சமைக்கும் வழக்கமும் அப்போதுதான் ஊன்றியது. அம்மாக்கள் அதற்குமுன் மூன்று மணி நேரம் ஊறவைத்து, நறுக்கி, பாத்திரம் எடுத்துவைத்த கதையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் பக்கத்து ஆள் ஒருவர் இந்த நாளைக் கொண்டாடியதைச் சொல்லவேண்டும். 1898இல் விவேகானந்தர் தம் அமெரிக்கச் சிஷ்யைகளோடு காஷ்மீரில், ஸ்ரீநகரில், படகு வீடுகளில் தங்கியிருந்தார். ஜூலை மூன்றாம் தேதி அந்த அம்மையார்களுக்குத் தெரியாமல் உள்ளூர்த் தையற்காரர் ஒருவரைப் பிடித்து அமெரிக்கக் கொடி தைக்கச் சொன்னார். அந்தத் தையற்காரர் அப்படி ஒரு கொடியைப் பார்த்தவரே இல்லை. நட்சத்திரமும் கோடுகளும் ஏனோதானோவென்றுதான் அமைந்தன. சாப்பாட்டுப் படகின் முகப்பில் பச்சிலைக் கொப்புகளோடு அதை ஆணியடித்துக் கட்டி, காலைத் தேநீருக்கு அவர்களை வரவழைத்தார். ஜூலை நான்கைப் பற்றித் தாமே எழுதிய கவிதையும் அங்கே படிக்கப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து, 1902இல், அதே ஜூலை 4இல் அவர் மறைந்தார்.

சரி, இப்போது நம் பந்தி. ஜூலை நான்கை ஒட்டிய வார இறுதியில்தான் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா நடக்கும், நம்மில் பாதிப் பேர் அங்கே போய்விடுவோம். போகாதவர்களுக்குச் சில யோசனைகள்.

சோளம் சுடுங்கள். கரி மேலெல்லாம் சாம்பல் பூத்து வெளுத்த பிறகு, தோல் உரித்த கதிரை நேராகக் கம்பிமேல் வையுங்கள். இங்கத்துச் சோளம் நம் கடற்கரையில் சுடுகிற சோளம் மாதிரி கெட்டியானது இல்லை. சாறும் சர்க்கரையும் அதிகம், சீக்கிரம் கருகும். அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பிக்கொண்டே இருங்கள். அப்புறம் அரை எலுமிச்சையை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒற்றி, கதிர் முழுக்கத் தேயுங்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இதைக் கேட்பார்.

கோழிக்காலைக் கீறி, தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள் தடவி ராத்திரியே ஊறவையுங்கள். தயிர் மேலே சீக்கிரம் நிறம் மாறி வெந்ததுபோல் காட்டும். அதை நம்பாமல் எலும்பை ஒட்டிய சதையில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள், 165 ஃபாரன்ஹீட் காட்டவேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனி அடுப்பு, முடியாவிட்டால் அலுமினியத் தாள் விரித்துத் தனிப்பக்கம், தனி இடுக்கி. மயோனைஸ் கலந்த உருளைக்கிழங்கு சாலட்டை 90 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு தூக்கில் புளியோதரையும் இருக்கட்டும். காலையில் கிளறியது மதியத்துக்கு இன்னும் ருசிக்கும்.

சாப்பிட உட்காருவதற்கு முன் ஒரு பிள்ளையை நிறுத்தி விடுதலைப் பிரகடனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். 1776 ஜூலை 8இல் பிலடெல்பியா மக்கள் முதன்முதலில் அதைத் திறந்த வெளியில் நின்று காதால்தான் கேட்டார்கள். முழுதும் வாசிக்கப் பத்து நிமிடம் ஆகும், கறி ஆறிவிடாது. கடைசிப் பக்கம் பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் வரி வரும். தாண்டிப்போகாதீர்கள். பிள்ளை கேட்கும், பதில் சொல்லுங்கள். அதற்கு முன் மன்னர் மூன்றாம் ஜார்ஜ்மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஏழாவது எது தெரியுமா? வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தரும் சட்டங்களை மன்னர் தடுக்கிறார், இங்கே குடியேற வருபவர்களுக்கு ஊக்கம் தரும் சட்டங்களுக்கு ஒப்புதல் தர மறுக்கிறார் என்பது. அந்த இடம் வந்ததும் வாசிக்கிற பிள்ளை கொஞ்சம் நிறுத்தவேண்டும். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் மாமாக்கள் கைதட்டி முடிக்க நேரம் பிடிக்கும்.