நடுவயதுப் பெண்ணுக்கு முதல் துணை மருத்துவ அறிவே!

நடுவர் அவர்களே, மாரியம்மன் நோம்பிக்காகப் பவானியில் கூடியிருக்கும் பெரியோர்களே, அம்மணிகளே, வணக்கம்.

நாற்பதைத் தாண்டி, தூரம் (மாதவிடாய்) நிற்கும் பருவத்தை நெருங்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது வீட்டாரின் அனுசரணையா, மருத்துவ அறிவா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "நம் ஆத்தாக்கள் இதற்கெல்லாம் எந்த டாக்டரைப் பார்த்தார்கள்? வீடு அரவணைத்தது, தாண்டி வந்தார்கள்" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நான் அந்த ஆத்தாக்களில் ஒருவருடைய மகள். அவர் தாண்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

என் அம்மா ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர். 45 வயதில், மார்கழிக் குளிரில், தறியை நிறுத்திவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைப்பார். நடு இரவில் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அப்பா தறிக்குப் பக்கத்தில் மின்விசிறி வாங்கி வைத்தார். ஒரம்பரை வந்தால் தாமே காபி போட்டார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். எதிரணி கேட்கும் அனுசரணை இதைவிட வேறெங்கே கிடைக்கும்? ஆனால் இது என்னவென்று இருவருக்குமே தெரியாது. அயலார் காற்று, கருப்பு என்றார்கள்.

அது காற்றுமில்லை, கருப்புமில்லை. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரே நாளில் வற்றுவதில்லை. சில ஆண்டுகள் ஏறி இறங்கித்தான் குறைகிறது. உடல்சூட்டைக் காக்கும் மூளைப்பகுதி அதில் தடுமாறி, சிறு வெப்பத்துக்கும் வியர்வையைக் கொட்டுகிறது. தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மறதி வருகிறது. தொடர்ந்து 12 மாதம் தூரம் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் 51. அப்படியென்றால் தடுமாற்றம் நாற்பதிலேயே தொடங்கிவிடலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் இருப்பவளிடம் "கவனம் எங்கே?" என்று சூப்பர்வைசர் கேட்கும்போது, தன் உடலில் நடப்பது தெரியாமல் அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குறையும் ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டத் தரும் மருந்தைப் பற்றி, "ஹார்மோன் மருந்தா, புற்றுநோய் வருமே" என்று எதிரணி அம்மணி அஞ்சினார். 2002இல் அமெரிக்காவில் அந்த மருந்தைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதும் பரவிய அச்சம் அது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், அல்லது தூரம் நின்ற 10 ஆண்டுக்குள், துன்பம் மிகுந்து மருந்தைத் தொடங்குவோரில் பெரும்பாலோருக்குக் கேட்டைவிட நன்மையே அதிகம் என்பது பின்னர் தெளிவானது. மார்பகப் புற்று வந்தவர்களுக்குப் பொதுவாக அதைக் கொடுப்பதில்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை அன்பு சொல்லாது. எலும்பு தேய்வதும் இந்த ஆண்டுகளில்தான் வேகமெடுக்கிறது. ராகிக் களி நல்லதுதான், அது மட்டும் போதாது.

என் அம்மாவுக்குத் தூரம் நின்று இரண்டு ஆண்டு கழித்து மறுபடி ரத்தம் பட்டது. "உடம்பு தேறிவிட்டது" என்று வீட்டில் மகிழ்ந்தோம். நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பலருக்குக் காரணம் சிறிதாக இருக்கும். சிலருக்குக் கருப்பைப் புற்றின் முதல் அடையாளமே அதுதான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எட்டு மாதம் அப்படியே போனது.

அம்மா இன்று இல்லை. அப்பா அந்த மின்விசிறியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார். நடுவர் அவர்களே, அவர் என்னிடம் சொல்வதை அப்படியே உங்களிடம் வைக்கிறேன்: "எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருப்பேனே, கண்ணு."