ஒரு டம்ளர் காபியின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

2018 மார்ச்சில் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் தேநீர் கேட்டார். வெந்நீரும் தேயிலைப் பையும் 135 ரூபாய், காபி 180 ரூபாய் என்றார்கள். வேண்டாமென்று வந்துவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். அதே விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலை உணவகம் திறந்தது. அங்கே காபி 20 ரூபாய்.

காபிக்கொட்டை மலிந்துவிட்டதா? இல்லவே இல்லை. அதே பிப்ரவரியில்தான் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காபிக்கொட்டையின் விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 1975இல் பிரேசில் தோட்டங்கள் உறைபனியில் கருகி, 1977இல் விலை தொட்ட உச்சம், 2024 டிசம்பர் வரை முறியடிக்கப்படாமல் இருந்தது. இந்த முறை பிரேசிலில் வறட்சி. வியட்நாமிலும் மழை பொய்த்து, ரொபஸ்டா என்ற மற்றொரு வகையும் விலை ஏறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 200 ரூபாய் ஏறினால் டம்ளருக்கு ஏறுவது 2 ரூபாய்தான். மற்றதெல்லாம் பால், சர்க்கரை, கேஸ், மாஸ்டர் சம்பளம், எல்லாவற்றையும் விழுங்கும் கடை வாடகை. ஒரே தூளில் போட்ட காபி கும்பகோணத்தில் ஒரு விலைக்கும் சென்னையில் வேறு விலைக்கும் போவது இதனால்தான்.

வீட்டில் காபி போடுகிறவர்களுக்கு அப்படியல்ல. தூள் விலை ஏறினால் நேராக அவர்கள் தலையில்தான் விழும். அண்மையில் எங்கள் தெரு அரவைக் கடையில் நின்றிருந்தேன். மெஷினிலிருந்து சூடாக விழுந்த தூளின் மணம் தெருமுனை வரை. எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. "வழக்கம்போல பீபெரிக் கொட்டை, சிக்கரி இல்லாமத்தானே மாமி?" என்றார் கடைக்காரர். சிக்கரி என்றால் காபித்தூளோடு கலக்கும் மலிவான வேர்த்தூள். மாமி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லப்பா, இந்தத் தடவை இருபது பர்சன்ட் சிக்கரி போட்டுடு."

குடகிலும் ஏற்காட்டிலும் காபி பயிரிடுகிறவர்கள் விலை வீழ்ந்த வருடங்களில் மிளகுக் கொடியை நம்பிக் காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு இப்போது நாலு காசு கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சியே. என் மனத்தாங்கல் வேறு. பாக்கெட்டில் விற்கும் தூளில் சிக்கரி எத்தனை விழுக்காடு என்று அச்சிட்டாக வேண்டும் என்பது விதி. 49க்கு மேல் போகவும் கூடாது. ஆனால் ஹோட்டல் விலைப்பலகையில் "காபி" என்ற ஒரு சொல்தான். விலை ஏறியதை உடனே எழுதுகிறார்கள். சிக்கரி ஏறியதை யாராவது எழுதி நான் பார்த்ததில்லை. அதையும் பக்கத்தில் எழுதுங்கள் என்றுதான் ஹோட்டல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.