வேறு கம்பெனி பேலட் உங்கள் மெஷினில் உட்காருமா? முதலில் இதை அளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. டி-ஷர்ட் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷினுக்கு வேறு கம்பெனி பேலட் (டி-ஷர்ட்டை விரிக்கிற பலகை), கிளாம்ப் (ஸ்கிரீனைப் பிடிக்கிற பிடி), ஸ்க்வீஜி (மையை இழுக்கிற ரப்பர் பட்டை) வாங்கிப் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் 'எல்லா மெஷினுக்கும் பொருந்தும்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மாடல் பெயரும் போதாது. ஒரே பெயரில் வந்த பழைய மெஷினுக்கும் புதியதற்கும் அளவு மாறியிருக்கலாம். வெர்னியரைக் கையில் எடுங்கள்.

கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். இதுதான் பேலட்டைத் தாங்குகிற கை. பேலட்டின் அடியிலுள்ள பிராக்கெட் இதன் மேல் வந்து உட்காரும். கையின் வெளி அகலத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று தனித்தனியாக அளங்கள். பிராக்கெட் சரியாகக் கவ்வவில்லை என்றால் ஸ்க்வீஜி இழுக்கும்போது பேலட் அசையும். இரண்டாவது கலர் முதல் கலரின் மேல் உட்காராது.

அகலத்தைப் பலரும் பார்த்துவிடுகிறார்கள். உயரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவே நாம் விடுகிற ஆஃப் காண்டாக்ட் இடைவெளி பொதுவாக 1.5 முதல் 3 மி.மீ. தான். சுற்றுகிற மெஷினில் ஒவ்வொரு பேலட்டும் ஒவ்வொரு ஸ்கிரீனின் அடியிலும் வரும். நாலு பேலட்டில் ஒன்று மட்டும் 2 மி.மீ. உயரமாக இருந்தால் என்ன ஆகும்? அது வரும்போது ஸ்கிரீன் துணியிலேயே படிந்துவிடும், ஸ்கிரீனின் வலை (மெஷ்) எழும்பாது, மை ஓரங்களில் இழுபடும். சரி, ஸ்கிரீனை ஏற்றிவிடலாம் என்றால் மற்ற மூன்றிலும் இடைவெளி கூடும். அழுத்தி இழுக்க வேண்டும், டிசைனும் நீண்டுபோகும். அதனால் முடிந்தவரை முழு செட்டாக வாங்குங்கள். ஒன்றுதான் வேண்டும் என்றால், கையின் மேல்பரப்பிலிருந்து பேலட்டின் மேல்பரப்பு வரை அளந்து, அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். புதியது தாழ்ந்திருந்தால் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஏற்றிவிடலாம். உயர்ந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம் போல்ட். இதோ, இது 5/16 அங்குலம், இது எம்8. ஒன்று 7.94 மி.மீ., இன்னொன்று 8 மி.மீ. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் மரைக்கு மரை இடைவெளி வேறு: சாதாரண மரையில் முதலாவதற்கு 1.41 மி.மீ., எம்8-க்கு 1.25. ஒன்றுக்குரிய துளையில் மற்றொன்று ஓரிரு சுற்று போய் இறுகும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்தினால் மெஷினிலுள்ள மரையே வழுக்கிவிடும். கையால் திருகும்போதே இறுகினால் அது உங்கள் போல்ட் இல்லை, கழற்றிவிடுங்கள்.

ஸ்க்வீஜியில் பெரிய சிக்கல் இல்லை. கையால் இழுப்பவர்களுக்கு எந்தப் பிடியும் சரிதான். ஆட்டோமேட்டிக் என்றால் ஹோல்டர் மெஷினில் மாட்டுகிற இடத்தின் அளவையும் ரப்பரின் தடிமனையும் பாருங்கள். ரப்பரில் கம்பெனி பெயரைவிட அதன் கடினத்தைச் சொல்கிற 60, 70, 80 என்கிற டூரோமீட்டர் எண்தான் முக்கியம்.

பேலட் வந்ததும், துணி நகராமலிருக்கத் தடவுகிற பசையை உடனே தடவிவிடாதீர்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்கிலும் நிறுத்திவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பலகை வளைந்திருக்கிறது, அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். பசை பட்டபிறகு திரும்ப வாங்கச் சொல்வது கஷ்டம்.