தீனிப் பெட்டிக்கு ஏற்றது வீட்டுப் பலகாரமே: பட்டிமன்ற உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோபி வட்டாரத்துப் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். 'பள்ளிப் பிள்ளைகளின் தீனிப் பெட்டிக்கு ஏற்றது வீட்டுப் பலகாரமா, கடைப் பொட்டலமா?' என்ற இன்றைய கேள்விக்கு, வீட்டுப் பலகாரமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி மூன்று காரணங்களை முன்வைத்தார். காலை எட்டரை மணிக்குள் பனியன் கம்பெனியில் இருக்க வேண்டிய தாய்க்குப் பலகாரம் செய்ய நேரமில்லை என்றார். பொட்டலத்தில் தேதியும் சுத்தமும் உறுதி என்றார். வீட்டில் செய்து கொடுத்தால் பிள்ளை தொடாமலே திருப்பிக் கொண்டுவருகிறது என்றார்.

முதற்காரணத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பலகாரம் என்றதும், விடியற்காலையில் அடுப்பேற்றி அன்றன்றைக்குச் செய்வது என்றே அவர் எண்ணிக்கொண்டார். நம் பக்கத்து உருண்டைகள் ஒரு நாள் பிடித்து வைத்துப் பல நாள் தின்பவை. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ எள்ளைக் கல் போகக் களைந்து, நன்றாக உலர்த்தி, அடிகனத்த வடைச்சட்டியில் மிதமான தீயில் வறுக்க வேண்டும்; எள் படபடவென்று வெடிக்கும் ஓசை அடங்கும் தறுவாயில் இறக்கிவிட வேண்டும், கொஞ்சம் அசந்தாலும் கசந்துவிடும். ஆறியபின் எள்ளின் எடையில் பாதியளவு நாட்டுச் சர்க்கரை சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால், எள்ளிலிருந்து கசியும் எண்ணெயே பொடியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாகு காய்ச்ச வேண்டியதில்லை, நெய்யும் வேண்டியதில்லை. ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தால் அந்த வாரத்துக்குத் தாங்கும். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையையும் இப்படியே உருட்டலாம். சுருங்கிய பருப்பையும் பூசணம் பிடித்த பருப்பையும் மட்டும் முதலிலேயே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முழுக் கடலையைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்து உருட்டியே கொடுங்கள்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி பேசிய நேரம் முழுவதும் தாய்க்கு நேரமில்லை என்றாரே தவிர, தந்தைக்கு நேரமில்லை என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. எள் வறுப்பதற்கு ஆண்பிள்ளைக் கை ஆகாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது தேதியும் சுத்தமும். பொட்டலத்தில் தேதியோடு வேறொன்றும் அச்சிட்டிருக்கிறது. சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமானதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் கேட்கும் கிரீம் பிஸ்கட்டுகள் பலவற்றின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகிய மூன்றும்தான் முன்வரிசையில் நிற்கும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பொருட்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்திருக்கிறது. வாயிலில் விற்கக் கூடாத பொருளைப் பெற்றோராகிய நாமே பெட்டியில் வைத்து வகுப்பறை வரை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் செய்வதாலேயே எல்லாம் நல்லதாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. எண்ணெயில் பொரித்த முறுக்கையும் கச்சாயத்தையும் தினமும் கொடுத்தனுப்புவது எங்கள் அணியின் வாதமாகாது. அவை நோம்பி, பண்டிகைக்கு உரியவை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் சக்தி, ஒரு நாளின் மொத்தச் சக்தியில் பத்து விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும், ஐந்துக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்குப் பத்து விழுக்காடு என்பது ஏறத்தாழ 37 கிராம். நான் சொன்ன அளவில் இருபத்தைந்து உருண்டை பிடித்தால் ஒன்றுக்கு ஐந்து கிராம் சர்க்கரை வரும். அது அதிகம் என்று தோன்றினால் அடுத்த வாரம் குறைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் இருக்கும் கணக்கை நாம் படிக்கத்தான் முடியும். வீட்டுக் கணக்கை நம்மால் மாற்ற முடியும். எங்கள் அணியின் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இனிப்பே வேண்டாம் என்பவர்களுக்குத் தட்டைப்பயறும் பச்சைப்பயறும் இருக்கின்றன. இரவில் ஊறவைத்து, காலையில் குக்கரில் வேகவைத்துத் தாளித்தால் முடிந்தது. சித்திரை வெயிலில் மட்டும் தேங்காய்த் துருவலைத் தவிர்த்துவிட்டு, முற்பகல் இடைவேளையிலேயே தின்றுவிடச் சொல்ல வேண்டும். மாலை வரை வைத்திருந்தால் ஊசிப்போகும். ராகியில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், ராகிப் புட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம்.

எஞ்சியிருப்பது, பிள்ளை தொடாமல் கொண்டுவருகிறது என்ற குறை. பெரும்பாலும் அது பலகாரத்தின் குறையன்று, அளவின் குறை. பத்து நிமிட இடைவேளையில் தண்ணீரும் குடித்து, கழிப்பறைக்கும் போய், விளையாடவும் வேண்டிய பிள்ளைக்குப் பெட்டி நிறையச் சுண்டலை அடைத்து அனுப்பினால் மீதம் வரத்தான் செய்யும். இரண்டே வாயில் தின்னும்படி கொடுங்கள். உருண்டை பிடிக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். தான் பிடித்த கோணல் உருண்டையைக் கூட்டாளிக்குக் காட்டுவதற்காகவாவது பெட்டியைத் திறப்பான்.

நடுவர் அவர்கள் மணியின்மேல் கை வைத்துவிட்டார். எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன்: தங்கள் அணி பரிந்துரைக்கும் பொட்டலங்களுள் சர்க்கரை முதல் மூன்று இடத்துக்குள் வராத ஒன்றைப் பிரித்துக் காட்டி, அதன் பட்டியலை இந்த மேடையில் உரக்கப் படித்துக் காட்டுவாரா? நன்றி.