வெசெக்ஸைக் காத்தது மன்னனின் வாளா, மக்களின் ஷயரா?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். மணி அடிக்கறதுக்குள்ள முடிக்கணும், நேரா வந்துடறேன். வெசெக்ஸ்னா ஒன்பதாம் நூற்றாண்டுல தென் இங்கிலாந்துல இருந்த ராஜ்யம், ஆல்ஃபிரட் அதோட மன்னர், ஷயர்னா அங்க ஒரு மாவட்டம் மாதிரி. நான் ஷயர் பக்கம் பேசறேன்.

எதிரணித் தலைவர் இப்பதான் தொடையைத் தட்டிட்டு உட்கார்ந்தாரு. என்ன கேட்டாரு? "மக்கள்தான் காப்பாத்தினாங்கன்னா ஒருத்தர் பேரைச் சொல்லுங்க! எங்களுக்கு ஆல்ஃபிரட் இருக்காரு. உங்ககிட்ட யாரு இருக்கா? ரொட்டியைக் கருக விட்ட ஒரு பொம்பளை!"

நீங்களும் கைதட்டினீங்க. நானும் பார்த்தேன்.

ஐயா, ரொட்டியைக் கருக விட்டது அந்த அம்மா இல்ல. உங்க மன்னரு!

கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 878 ஜனவரி. குளிர்காலத்துல யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு வெசெக்ஸ் நிம்மதியா இருந்தப்ப, குத்ரம்ங்கற வைக்கிங் தலைவன் டேனியப் படையோட வந்து, வெசெக்ஸ்ல இருந்த சிப்பன்ஹாம் ஊரைப் பிடிச்சுட்டான். பாதி ஜனம் பணிஞ்சுபோச்சு, சிலர் கடல் தாண்டி ஓடிட்டாங்க. மன்னர் எங்க? சோமர்செட் சதுப்புக்குள்ள. முழங்கால் வரைக்கும் சேறு, சுத்திலும் நாணல். அங்க பன்னி மேய்க்கிறவர் குடிசையில அடைக்கலம். அந்த வீட்டம்மா அடுப்புல ரொட்டியை வச்சுட்டு வேற வேலையில இருக்காங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கறது ராஜான்னு தெரியாது. அவரு யோசனையில இருக்காரு. ரொட்டி புகையுது. இன்னும் யோசிக்கிறாரு. கருகுது. அப்பவும் யோசிக்கிறாரு!

ஓடி வந்து அந்த அம்மா விட்டாங்க பாருங்க ஒரு டோஸ்: "சுடச்சுடத் தின்ன மட்டும் தெரியுது, திருப்பிப் போடத் தெரியலையா?"

நடுவர் சிரிக்கிறாரு. வீட்ல வாங்கின அனுபவம் போல.

இது நூறு வருஷம் கழிச்சு எழுதின கதைதானேன்னு எதிரணி முனகுது. ஆமாங்க. முதல்ல வர்றது நியோட்ங்கற புனிதரோட வாழ்க்கை வரலாற்றுல, பத்தாம் நூற்றாண்டுக் கடைசியில. ஆனா ரொட்டியை மேடைக்குக் கொண்டுவந்தது யாரு? நீங்க! நான் திருப்பிப் போடறேன், அவ்வளவுதான்.

பேர் கேட்டீங்கல்ல? ஏதல்நோத். சோமர்செட்டோட ஈல்டோர்மன், அதாவது ஷயரோட தலைவர். அவரும் சின்னப் படையோட காட்டுக்குள்ளதான் கிடந்தாரு. இன்னொரு பேர் ஈன்வுல்ஃப், அவரும் ஈல்டோர்மன்தான். ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடுன்னு அந்தக் காலத்து வருஷவாரிப் பதிவு இருக்கு, அதுல 845-ஆம் வருஷக் குறிப்பைப் பாருங்க: பாரெட் ஆத்து முகத்துவாரத்துல ஈன்வுல்ஃபோட சோமர்செட் ஆளுங்களும் டார்செட் ஆளுங்களும் சேர்ந்து டேனியரை அடிச்சு விரட்டினாங்க. அப்ப உங்க ஆல்ஃபிரட் பிறக்கவே இல்லையே சார்!

ஷயர்னா வெறும் எல்லைக்கோடு இல்ல. படை திரளறதும் அங்கதான், பிற்காலத்துல வழக்குப் பேசறதும் அங்கதான். அந்த ஷயருக்கு ரீவ்னு ஓர் அதிகாரி. ஷயர்-ரீவ் தேஞ்சுதான் ஷெரீஃப். தொப்பி, துப்பாக்கி எல்லாம் அப்புறம் வந்தது.

திரும்ப 878-க்கு வர்றேன். ஈஸ்டர் சமயத்துல, சதுப்புக்குள்ள ஏதல்னிங்கற இடத்துல மன்னர் ஒரு கோட்டை கட்டினாரு. கூட யாரு? "சோமர்செட்ல பக்கத்துல இருந்தவங்க"ன்னு அந்தக் குறிப்பேடே சொல்லுது. ஈஸ்டருக்கு அப்புறம் ஏழாவது வாரம், எக்பர்ட் கல்லுங்கற இடத்துல சோமர்செட் ஆளுங்க மொத்தமும், வில்ட்ஷயர் ஆளுங்களும், ஹாம்ப்ஷயர்ல ஒரு பகுதியும் வந்தாங்க. மன்னரைப் பார்த்து மகிழ்ந்தாங்கன்னு எழுதியிருக்கு. எடிங்டன்ல டேனியரை ஜெயிச்சாங்க. குத்ரம் 30 பேரோட ஏதல்னி பக்கத்துல ஆலர்ல வந்து ஞானஸ்நானம் வாங்கினான். அதுவும் சோமர்செட் மண்ணுதான்.

1693-ல நார்த் பெதர்ட்டன்ல, ஏதல்னிக்குச் சில மைல் தள்ளி, ஒரு தங்க நகை கிடைச்சுது. "ஆல்ஃபிரட் என்னைச் செய்யச் சொன்னார்"னு அதுல எழுதியிருக்கு. சொன்னவர் பேர் இருக்கு. ராத்திரி பகலா கண்ணைக் குத்திக்கிட்டுத் தங்கக் கம்பியை இழைச்சானே, அவன் பேர்? இல்ல. பேர் இல்லைங்கறதால நகை தானா முளைச்சிடுச்சா?

மணி அடிச்சாச்சு. ஒரே ஒரு கேள்வி நடுவர் அவர்களே. ஆயிரம் வருஷமா இந்தக் கதையைச் சொல்றாங்க, இதை மட்டும் யாரும் கேட்டதில்ல. அந்தக் கருகின ரொட்டியை யாரு தின்னா?

சதுப்புக்குள்ள குளிர்காலம். மாவு கொஞ்சந்தான். தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க. எங்க வீட்ல தோசை தீஞ்சா எங்கம்மா, "எனக்கு மொறுமொறுன்னு இருந்தாத்தான்டா பிடிக்கும்"னு தன் தட்டுல போட்டுக்கும். நான் பெரியவன் ஆகறவரைக்கும் அதை நிஜம்னே நம்பினேன்.

நல்ல பக்கத்தைப் பிச்சு வந்தவருக்குக் கொடுத்துட்டு, அந்த அம்மா கரியைச் சுரண்டிக்கிட்டு ஓரமா உட்கார்ந்திருக்கும். வந்தவரு யாருன்னு அப்பவும் அதுக்குத் தெரியாது.