போறணைக்காரருக்குத் தெரிந்த சூடு

வணக்கம் நேயர்களே.

மனைப்பொருளியல் படிப்பித்தவள் என்பதால், நத்தார் நெருங்கினால் எனக்குத் தொலைபேசி ஓயாது. "டீச்சர், கேக் மேல கருகிட்டு, நடுவில வேகவே இல்ல. என்ன செய்ய?" இப்படிக் கேட்பவர்கள் முட்டை குறைந்ததோ, மா கூடினதோ என்றுதான் யோசிக்கிறார்கள். நான் கேட்பது வேறு. "ஓவனை எப்ப போட்டீங்க, மகள்?" "லைட் அணைஞ்சதும் தட்ட வைச்சிட்டன் டீச்சர்" என்று பதில் வரும். கோளாறு அங்கேதான்.

அந்தச் சிவப்பு லைட் அணைந்தால், உள்ளே இருக்கிற காற்று நீங்கள் திருப்பி வைத்த சூட்டைத் தொட்டுவிட்டது என்று மட்டும்தான் பொருள். சுவரும் கம்பித் தட்டும் இன்னும் சூடேறவில்லை. கதவைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியே போய்விடும். பிறகு கம்பிச் சுருள் மறுபடி சிவந்து எரியும். கேக்கின் மேற்புறம் அதன் நேர்ச்சூட்டில் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே கிடக்கும்.

நம்முடைய ஊர்ப் பேக்கரிகளில் விறகுப் போறணை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே நெருப்புக் கொழுந்துவிட்டு எரியும்போது பாண் போடமாட்டார்கள். மணிக்கணக்கில் விறகை எரித்து, செங்கல்லுக்குள் சூட்டை ஏற்றி, தணலை ஒதுக்கி, தரையை ஈரச்சாக்கால் துடைத்துவிட்டுத்தான் பாண் உள்ளே போகும். பாணை வேகவைப்பது கல்லில் தங்கின சூடு. அது இறங்க இறங்கப் பணிஸ், பிஸ்கட், கடைசியில் ரஸ்க். ஒரு தடவை எரித்த விறகில் இத்தனை வேலை நடக்கும்.

வீட்டு ஓவனுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் மேசையில் வைக்கிற சின்ன ஓவனின் சுவர் மெல்லிய தகரம், செங்கல்லைப்போல சூட்டைப் பிடித்து வைக்காது. அதனால் லைட் அணைந்த பிறகும் இன்னொரு பத்து, பதினைந்து நிமிஷம் விடுங்கள். பாண், பணிஸ் போடுகிறவர்கள் கனமான இரும்புத் தோசைக்கல்லைக் கம்பித் தட்டில் வைத்து, இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் சூடேற்றி, அதன் மேலே தட்டை வைக்கலாம். கல்லுக்கு மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ இருக்கக் கூடாது. சுற்றிவரக் காற்றுப் போகவும் இடம் வேண்டும்.

திருகியில் உள்ள இலக்கத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். கடையில் ஓவன் வெப்பமானி வாங்கலாம். அதற்கும் முன்னால், வீட்டில் உள்ள சீனியே போதும். சீனி சுமார் 186 பாகை செல்சியஸில் உருகும். ஒரு கரண்டி சீனியைச் சின்னத் தட்டில் பரப்பி நடுத்தட்டில் வையுங்கள். 175இல் கால் மணித்தியாலம் விட்டால் அது சீனியாகவே இருக்க வேண்டும், 190இல் விட்டால் உருக வேண்டும். 175இலேயே உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிடக் கூடச் சூடு. 190இலும் உருகாவிட்டால் குறைவு. அம்மாவின் கொப்பியில் 350 என்று எழுதியிருந்தால் அது ஃபாரன்ஹைட். உங்கள் திருகியில் 175, 180 பக்கம். விசிறி ஓடுகிற ஓவன் என்றால் அதிலும் 20 குறையுங்கள்.

இன்னுமொரு விஷயம் கரண்டைப் பற்றியது. பொழுதுபட்ட பிறகு எல்லா வீட்டிலும் பாவனை கூடும்போது சில ஊர்களில் மின்னழுத்தம் இறங்குவது உங்களுக்குத் தெரியும். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், ஓவனின் சக்தி கால்வாசி குறைந்துவிடும். சூடேறவும் வேகவும் நேரம் இழுக்கும். கலவையோ காத்திருக்காது, பேக்கிங் பவுடரின் வேகம் கிண்ணத்திலேயே அடங்கிவிடும். ஆகவே ஓவனைச் சூடேறவிட்டுத்தான் மாவைச் சேருங்கள், முடிந்தால் வேலையைக் காலையிலேயே முடியுங்கள்.

காலை என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது: பட்டர். சீனியோடு அடிக்கும்போது பட்டர் 20 பாகை அளவில் இருந்தால்தான் காற்றைப் பிடித்து வைக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது நம்முடைய குசினி முப்பதைத் தாண்டிவிடுகிறது. பட்டர் இளகி எண்ணெயாகிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் பிரயோசனம் இல்லை, கேக் அடைபோல இறுகிவிடும். ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே கிண்ணத்தை வைத்து அடியுங்கள். "பட்டரை வெளியில எடுத்து வைச்சு இளக விடவும்" என்று குளிர்நாட்டுக்காரர் எழுதின குறிப்பை இங்கே அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாண் மாவுக்கும் அப்படித்தான். குளிர்ந்த தண்ணீரில் குழையுங்கள், நேரத்தைப் பார்க்காமல் மா இரண்டு மடங்காகிவிட்டதா என்று பாருங்கள்.

மேல் கருகுவதற்கு மருந்து, கேக்கை நடுத்தட்டில் வைப்பது. மேல், கீழ் சூட்டைத் தனித்தனியே மாற்றக்கூடிய ஓவன் என்றால், கேக் எழும்பி நிறம் வந்ததும் மேல் சூட்டை நிற்பாட்டுங்கள், அல்லது அலுமினியத் தாளை மேலே இலேசாக மூடுங்கள். கறுப்புத் தட்டு வெளிறின தட்டைவிடச் சூட்டைக் கூட இழுக்கும், அடி சீக்கிரம் சிவக்கும். லவ் கேக்குக்கு 150 பாகைக்கு மேலே போகாதீர்கள். பறங்கியர் வீடுகளில் தட்டுக்குள்ளே நாலைந்து அடுக்குப் பழைய பேப்பரும், அதற்கு மேல் பட்டர் பூசின ஒயில் பேப்பரும் போடுவது சும்மா இல்லை. ரவையும் கஜுவும் கலந்த கனமான கலவை நடுவில் வேகும்வரை ஓரம் காயாமல் அந்தப் பேப்பர்தான் காக்கிறது.

முதல் அரை மணித்தியாலம் கதவைத் திறக்கவே வேண்டாம். முட்டையும் மாவும் இறுகுவதற்கு முன்னால் சூடு இறங்கினால் நடு அமுங்கிவிடும். கதவுக் கண்ணாடியால் பாருங்கள், கடைசியில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

செலவு என்று பார்த்தால், 2000 வாற்று ஓவன் ஒரு மணித்தியாலம் விடாமல் எரிந்தால் இரண்டு யூனிட். இடையிடையே தானாக நிற்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. ஆனால் யூனிட் கூடக்கூட அடுத்த படியின் விலை ஏறுகிறதே! அதனால் சூடேற்றின ஓவனில் கேக்குக்குப் பின்னால் பிஸ்கட், அதற்குப் பின்னால் பாண்துண்டு என்று அடுக்கடுக்காக வையுங்கள். 2000 வாற்றுக்கு ஒன்பது அம்பியர் வரை ஓடும். ஐந்து அம்பியர் பிளக்கிலோ, நாலு சாமான் குத்தின நீட்டு வயரிலோ ஓவனைக் கொழுவாதீர்கள். வயர் உருகுவதும் நெருப்புப் பிடிப்பதும் அங்கேதான்.

கடைசித் தட்டை வெளியே எடுத்ததும் ஆளியை நிற்பாட்டிவிட்டு, மிஞ்சின சூட்டில் கஜுவையோ கச்சான் கடலையையோ பரப்பிக் கதவைச் சாத்துங்கள். சதம் செலவில்லாமல் மொறுமொறுப்பாகிவிடும். இடையில் ஒருக்கால் கிளறிவிட மறக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.