வெயில் இருந்தால்தான் காற்று வரும்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் மலையூர்க் கட்சிக்காரர்களே, மாட்டுப் பொங்கல் சாப்பாட்டை முடித்த கையோடு நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்ட நெல்லைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

“குடியிருக்கச் சுகமான ஊர் குளிரடிக்கும் மலையூரா, வெயிலடிக்கும் கடற்கரை ஊரா?” இதுதான் தலைப்பு. நான் தூத்துக்குடிக்காரி. எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “அடுத்து பேச வர்ற அம்மா கைக்குட்டையோட வரட்டும், அந்த ஊர்க்காரங்களுக்கு ஊரை நெனச்சாலே வேர்க்கும்.” கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணே, கைதட்டலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கு நான் வருகிறேன்.

முதலில் ஊட்டி. மே மாதம் பிறந்தால் தமிழ்நாடே மலையேறுகிறதே, யாராவது வெயில் காயத் தூத்துக்குடிக்குப் போகிறார்களா என்று கேட்டார். யாரும் போவதில்லைதான். ஆனால் மலையேறின ஜனம் மூன்றாம் நாள் என்ன செய்கிறது? வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் உத்தரவு போடுகிற அளவுக்கு அங்கே வண்டி. அந்த ஊரிலேயே குடியிருப்பவர் ஒரு பாக்கெட் பால் வாங்கப் போனாலும் நம்முடைய காருக்குப் பின்னால் நிற்கிறார். அண்ணன் இவ்வளவு நேரம் பேசியது விருந்தாளியின் சுகம். நடுவர் கேட்டிருப்பதோ வருடம் முழுக்க அங்கேயே கிடப்பவரின் சுகம்.

சரி, வியர்வை. வியர்க்கும், மறுக்கவில்லை. சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் நடந்தால் ரவிக்கை முதுகோடு ஒட்டும். காற்றில் ஈரம் நிற்பதால் வேர்வை காயாது. ஆனால் அந்த வெயில்தானே நடுவர் அவர்களே காற்றைக் கூப்பிடுகிறது! தரை சீக்கிரம் சூடாகும், கடல் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைமேல் இருக்கும் காற்று சூடேறி மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஊருக்குள் வரும். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடும். வந்தது எப்படித் தெரியும்? வாசல் திரை உள்பக்கமாக உப்பும். சுவரில் தொங்கும் தினக் காலண்டர் படபடக்கும். திண்ணையில் இருக்கும் ஆச்சி விசிறியைக் கீழே வைத்துவிட்டு, “காத்து வந்துட்டு” என்று பொதுவாக ஓர் அறிவிப்பு கொடுப்பாள். அவ்வளவுதான், அதற்கு மேல் வெயில் ஏறாது. மதுரைக்காரருக்கு நாலு மணி வரை ஏறும்.

சில நாள் காற்று ஏமாற்றும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் பலமாக அடித்தால் கடற்காற்று நேரம் கழித்துத்தான் வரும். கச்சானோ புழுதியை வாரி அடித்து, சாப்பிடும் தட்டில் மணலைத் தூவிவிட்டுப் போகும். அன்றைக்கு ஊரே முனகும். ஆனால் காற்றோடு எங்களுக்கு இருக்கிற பழக்கத்தைப் பாருங்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளும். மலையூரில் காற்றடித்தால் என்ன சொல்வார்கள்? “ஜன்னலைச் சாத்து.”

இதே வெயிலும் காற்றும்தான் எங்கள் ஊரில் உப்பாகவும் விளைகிறது. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்து உப்பு. அண்ணன் காலையில் சாப்பிட்ட பொங்கலில் எங்கள் வெயில் இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த வெயில் சுகம் என்று நான் சொல்ல மாட்டேன். பாத்தியின் வெள்ளை கண்ணைக் கூசும், உப்புத் தண்ணீர் காலை அரிக்கும். அவர்கள் படுகிற பாட்டை என் அணிக்கு மதிப்பெண்ணாகக் காட்டினால் ஊருக்குள் போக முடியாது. அதை அங்கேயே விடுகிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே நின்று பேச எனக்கு மணி போதாது.

திரேஸ்புரம் என்று ஓர் இடம், நாட்டுப்படகுக்காரர்களின் கரை. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்பதால் படகுகள் அன்றைக்குக் கரை சேர்ந்துவிடும். வள்ளத்திலிருந்து கூடை கூடையாக இறங்கும். சீலா ஒரு பக்கம், ஊளி ஒரு பக்கம், பாறை, விளைமீன், கணவாய், துள்ளிக்கொண்டே இறால். ஏலம் கூவுகிறவர் விலையைச் சொல்லும் வேகத்தில் புது ஆளுக்கு ஒரு எண்கூடக் காதில் விழாது. எங்கள் பெண்களுக்கு விழும். விலை கேட்கும் முன்பே ஒரு விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் அடுத்த பேச்சு. வெளுத்திருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவார்கள், விற்கிறவருக்கு அதைவிட அவமானம் கிடையாது. “ஐஸ் படாத மீனா?” இந்த ஒரு கேள்வியில் எங்கள் ஊரின் கௌரவமே அடங்கியிருக்கிறது. வெளியூரில் தெர்மாகோல் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதைச் சாப்பிட்டுவிட்டு “மீன் வாடை அடிக்குது” என்கிறார்களே, அது மீனின் குற்றமா?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது மீனுக்கு எங்கே போவீர்கள் என்று எதிரணித் தம்பி ஒருவர் மடக்கப் பார்த்தார். தம்பி, தடை விசைப்படகுக்கு. வள்ளம் போகும், சாளை வரும், நெத்திலி வரும். விலை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். அது மாங்காய்க் காலமும்கூட. தேங்காய் அரைத்து, புளியைக் குறைத்து, கிளிமூக்கு மாங்காயைக் கீறிப் போட்டு நெத்திலிக் குழம்பு வைத்தால், மறுநாள் காலை இட்லிக்குத்தான் அதன் உண்மையான ருசி தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்பார்கள். தாய்க்குப் பால் சுரக்க அதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம்.

மீன் சாப்பிடாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார். ஐயா, பனை இருக்கிறது. அதே வெயில் காலத்தில் பதநீர். ஓலையைப் பட்டையாக மடக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, அதில் நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடித்தால் வியர்வையைக் கேட்கிற எதிரணி அண்ணன்கூடப் பேச்சை நிறுத்துவார். மிச்சப் பதநீர் கருப்பட்டியாகும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

இனி ராத்திரி. மலையூரில் எட்டு மணிக்கு என்ன இருக்கிறது நடுவர் அவர்களே? கம்பளி இருக்கிறது. கடைத்தெரு அடங்கிவிடும், கதவுக்குத் தாழ்ப்பாள் விழும். எங்களுக்கு அப்போதுதான் ஊர் பிறக்கிறது. பகல் வெயிலுக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள். தெருவில் நாற்காலி, பீச் ரோட்டில் குடும்பம் குடும்பமாக ஜனம், புரோட்டாக் கடையில் கல் தட்டும் சத்தம். அந்தப் புரோட்டாக் கடைக்கு எங்கள் ஊரில் பெயர் ‘நைட் கிளப்’. சிரிக்காதீர்கள், போர்டிலேயே எழுதியிருப்பார்கள். வெளியூர்ப் பெண் வீட்டார் ஒருவர் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தாராம். “நல்ல பையன், வேலை முடிஞ்சா நேரா நைட் கிளப்தான், அவங்க அப்பாவையும் கூட்டிட்டுப் போவான்” என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தம் கைநழுவப் பார்த்ததாம். அப்பாவும் மகனும் சால்னாவுக்குப் போனார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் தரகருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

நாளைக்குக் காணும் பொங்கல். எங்கள் ஊர் ஜனம் நாளைக்கு முயல் தீவில் இருக்கும். புளிச்சோறு, கரும்பு, பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவார்கள். இ-பாஸெல்லாம் அங்கே கிடையாது. காசு உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மணலில் உட்காருகிற மாதிரி ஒரு வரவேற்பறை வேறு எந்த ஊரில் இருக்கிறது?

மலைதான் தெய்வம் விரும்பும் இடம் என்று ஓர் அக்கா உருகினார். முருகன் குன்றுதோறும் ஆடுகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூரனை முடித்த கையோடு அவன் வந்து அமர்ந்தது எங்கள் திருச்செந்தூரில், அலை வந்து விழுகிற இடத்தில். பௌர்ணமி ராத்திரியில் அந்தக் கடற்கரை மணலில் படுத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை உப்புத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீரும் ஊறுகிறது. தூத்துக்குடியில் பனிமய மாதா இருக்கிறாள். ரோமாபுரியில் ஒரு குன்றின்மேல் ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்ததாகச் சொல்லும் கதையோடு வந்த மாதா. பனி எப்படி இருக்கும் என்றே தெரியாத எங்கள் ஊரில், ஜூலை 26 கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை எந்தச் சாமி கும்பிடுகிறவரும் அந்தத் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க மாட்டார். ஆக, அக்கா சொன்ன மலைத் தெய்வங்களே இடம் மாறி வந்திருக்கின்றன.

எதிரணி கடைசியாக எடுத்தது சுனாமி. 2004 டிசம்பர் 26. அதற்கப்புறம் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. நானும் பதிலுக்கு மலைச்சரிவுகளை வரிசையாக எடுத்துவைக்க முடியும். எடுக்க மாட்டேன். இறந்தவர்களைக் காட்டி இந்த மேடையில் மதிப்பெண் வாங்குவது இரண்டு அணிக்கும் அழகில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2023 வெள்ளத்தில் ஊருக்குள் தண்ணீர் நின்றபோது மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. கடல் அருகே குடியிருந்தால் அப்படிப்பட்ட அக்கம்பக்கமும் கிடைக்கும்.

துருப் பிடிக்கிறதே என்றார்கள். பிடிக்கும். எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் பெயின்ட் அடிக்கிறோம், எங்க வீட்டுக்காரர் வண்டி சைலன்ஸரைப் பார்த்தால் தொல்பொருள் துறைக்காரர்கள் கேட்டு வருவார்கள். போகட்டும், சைலன்ஸர்தானே.

“நீங்கள் குடிக்கிற தண்ணீரே வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணி, அது எங்கள் பொதிகை மலை போட்ட பிச்சை” என்று ஒருவர் முழங்கினாரே, அதற்குத்தான் இந்தக் கூட்டம் விசிலடித்தது. பொதிகையை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஐயா, பொதிகையில் பெய்த மழை எங்கேயிருந்து வந்தது? வெயில் காய்ந்து, கடல் தண்ணீர் ஆவியாகி, காற்று சுமந்துகொண்டு போய் உங்கள் மலையில் இறக்கிவைத்தது. நாங்கள் அனுப்பிய தண்ணீரைத்தான் திருப்பி அனுப்புகிறீர்கள். கொஞ்சம் குறைத்து அனுப்புகிறீர்கள், அதையும் நாங்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், இதோ முடித்துக்கொள்கிறேன். எனக்கு அடுத்து கோத்தகிரியிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி பேசப் போகிறாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஊரில் பங்குனி தொடங்கி ஆவணி வரை மொட்டை மாடியில் பாய் விரித்து, தலையணைகூட இல்லாமல், அண்ணன் தங்கை அத்தை மாமா எல்லோரும் பேசிக்கொண்டே தூங்குவோம். உன் வீட்டு மாடியில் வருடத்துக்கு எத்தனை ராத்திரி அப்படிப் படுத்திருக்கிறாய், அம்மா? அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் பேச்சை ஆரம்பி. நன்றி, வணக்கம்.